கூட வாற அக்கா

எங்கள் தெருவில் யாருக்காவது ஓர் இடத்துக்குப் போக வேண்டியிருந்து, அங்கே தனியாகப் போக மனம் வரவில்லை என்றால், எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பார்கள். "அக்கா, நாளைக்கு ஒரு எடத்துக்குப் போவணும்" என்று இழுப்பார்கள். எந்த இடம், என்ன காரியம் என்று அம்மா கேட்க மாட்டாள். "எத்தன மணிக்குளா?" என்பாள். அவ்வளவுதான். மறுநாள் காலையில் எங்களுக்குச் சோறு வடித்து வைத்துவிட்டு, துவைத்து மடித்த சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, வயர் கூடையில் தண்ணீர் பாட்டிலும் ஒரு பொட்டலம் பொரிகடலையும் போட்டுக்கொண்டு, கூப்பிட்டவர்களுக்கு முன்பே தெருமுனையில் போய் நின்றிருப்பாள்.

ஆஸ்பத்திரி, கோர்ட்டு, தாலுகா ஆபீஸ், தலைமையாசிரியர் அறை, மகளைக் கட்டிக்கொடுத்த வீடு என்று அவள் போகாத இடம் கிடையாது. போன இடத்தில் அவள் எதையும் சாதித்துக் கொடுத்ததாகச் சொல்ல முடியாது. நாசரேத் பக்கத்துக்காரி, மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். ஆனால் ஒரு விண்ணப்பத்தை நிரப்பச் சொன்னால் பேனாவைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுவாள். அதிகாரிகளிடம் பேசத் தெரியாது. சிபாரிசுக்குப் போய் நிற்க அவளுக்கு ஒருவரையும் தெரியாது. கிளம்பும்போதே அதைச் சொல்லியும் விடுவாள். "நான் ஒண்ணும் பேச மாட்டேன், கேட்டியா. பேசப்போறது நீதான். நான் பக்கத்துல இருப்பேன்."

இருப்பாள். கூடையை மடியில் வைத்துக்கொண்டு, முதுகைச் சாய்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருப்பாள். தூங்க மாட்டாள். பக்கத்துப் பெஞ்சுக்காரர்களிடம் ஊர்க்கதை பேச மாட்டாள். "ஒண்ணும் ஆவாது, தைரியமா இரு" என்று மற்றவர்கள் சொல்வதை அவள் சொன்னதே இல்லை. ஆகாது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கூட வந்தவள் அழுதால் அழட்டும் என்று விட்டுவிடுவாள். நேரம் ரொம்ப ஆகிவிட்டால் பொரிகடலைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டுவாள்.

தெருவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு வழி சொல்லும்போது, "அந்தக் கூட வாற அக்கா வீட்டுக்கு அடுத்த வீடு" என்பார்கள். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது என்பதே அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

அப்பாவுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு தூக்குகிற வின்ச் ஓட்டும் வேலை. அதனால்தான் முத்தையாபுரத்தில் குடியிருந்தோம். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, அம்மா வீட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டால் என்னிடம் சொல்வார்: "ஒங்க அம்மா வீட்டுல இருக்கான்னா இன்னைக்கு ஊருல ஒருத்தருக்கும் ஒரு பயமும் இல்லன்னு அர்த்தம்." சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்குத்தான் சிரிப்பு வராது. நான் ஒரே பிள்ளை. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் நான் கும்மி அடித்த அன்றைக்கு அம்மா யாருடனோ திருநெல்வேலி கோர்ட்டில் இருந்தாள். சாயங்காலம் வந்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இப்ப எனக்கு ஆடிக் காட்டு" என்றாள். கோபத்தில் மாட்டேன் என்றேன். வற்புறுத்தவில்லை. ஆனால் நான் மனம் மாறுகிற வரைக்கும் எழுந்து போகவும் இல்லை. கடைசியில் அடுப்படியில் ஒருத்தியாகக் கும்மியடித்தேன். முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் அரிசி களையப் போனாள்.

போன இடத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் பதில் வராது. "நான் வெளிய பெஞ்சுல இருந்தேன். எனக்கு என்ன தெரியும்" என்பாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்று எங்களுக்குத் தெரியும். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடிந்ததில்லை. பிறகு கேட்பதையே விட்டுவிட்டோம். "ஒருத்திக்குத் துணைக்குப் போறேன்" என்று அவள் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது.

எதிர்வீட்டில் ராசாத்தி அக்கா இருந்தாள். அவள் வீட்டுக்காரர் அப்பாவுடன் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர். குடித்துவிட்டு வந்தால் அவளை அடிப்பார். சத்தம் தெருவுக்கே கேட்கும். ஒரு நாள் காலையில் ராசாத்தி அக்கா கிழிந்த உதட்டோடு வந்து வாசலில் நின்றாள். போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் கூட வர முடியுமா என்று கேட்டாள். அம்மா வழக்கம்போல, "எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.

அப்பா உள்ளேயிருந்து அம்மாவைக் கூப்பிட்டார். "அவன் எங்கூட வேல பாக்கவன். நாளைக்கு நான் அவன் மொகத்துல முழிக்க வேண்டாமா?"

"முழிங்க. யாரு வேண்டாம்னா?" என்றாள் அம்மா. "நான் அவகூடப் போயிட்டு வாரேன்."

அன்று சாயங்காலமே அந்த மனிதர் எங்கள் வாசலுக்கு வந்து கத்தினார். அம்மா முற்றத்தில் உட்கார்ந்து சாளை மீன் உரசிக்கொண்டிருந்தாள். "எம் பொண்டாட்டியத் தூண்டிவிட்டு ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனியாம்லா" என்றார் அவர்.

அம்மா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "நான் கூட்டிட்டுப் போவல. அவ போனா. நான் பக்கத்துல இருந்தேன். ஒங்களுக்கும் ஒரு எடத்துக்குத் தனியாப் போவ முடியலன்னா வந்து சொல்லுங்க. வாரேன்."

அவர் காறித் துப்பிவிட்டுப் போனார். ராசாத்தி அக்கா அந்த வாரமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எட்டயபுரத்தில் இருந்த தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டுகிற வேலைக்குச் சேர்ந்தாள். திரும்பி வரவே இல்லை.

அப்பா இறந்தபோது நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் துறைமுகத்திலிருந்து ஒரு ஜீப் வந்தது. வேலையில் நிற்கும்போதே நெஞ்சுவலி வந்து விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது என்று வந்தவர்கள் சொன்னார்கள். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவிய பக்கத்துல யாரு இருந்தா?"

ஜீப்பின் பின் சீட்டிலிருந்து ராசாத்தி அக்காவின் வீட்டுக்காரர் இறங்கினார். "நான் இருந்தேன். தலைய மடியில வச்சிருந்தேன். தண்ணி கேட்டாவ, குடுத்தேன்" என்றார்.

அம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு "சரி" என்றாள். நானும் வருகிறேன் என்று அழுதேன். "நீ இங்கன இரி" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாள். விஷயம் பரவி, அவள் துணைக்குப் போயிருந்த பெண்கள் ஒவ்வொருத்தராக ஓடிவந்தார்கள். அதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது. வந்தவர்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தனக்கென்று வரும்போது அவள் யாரையும் கூப்பிடுவதில்லை என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கவனித்தேன். ஆனால் அது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அவளால் எதையும் தாங்க முடியும் என்று நினைத்துக்கொண்டேன்.

படிப்பு முடிந்து எனக்கு ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை கிடைத்தது. சரக்குக்கான தாள்களை முடித்துக் கொடுப்பது, நிற்கிற காரியத்தைப் பேசி நகர்த்துவது இதெல்லாம்தான் என் வேலை. கல்யாணமும் ஆயிற்று. என் கணவர் கப்பலில் இஞ்சின் அறையில் வேலை பார்க்கிறவர். வருஷத்தில் பாதி கடலில் போய்விடும். அதனால் நானும் மகள் ஜெனியும் அம்மாவுடனேயே இருந்துவிட்டோம். அம்மா ஆச்சியானாள். ஜெனியை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அங்கிருந்தே யாருடனாவது எங்கேயாவது போய்விடுவாள்.

ஜெனி ஆறாவது படிக்கும்போது ஒரு நாள் ராசாத்தி அக்காவின் வீட்டுக்காரர் எங்கள் கேட்டுக்கு வெளியே நின்றார். மெலிந்து, அடையாளம் தெரியாமல் இருந்தார். குரல் கரகரத்தது. "அக்கா இருக்காவளா? தொண்டையில என்னமோ கட்டிங்காவ. சத எடுத்துப் பாக்கணுமாம். நாளைக்கு வரச் சொல்லியிருக்காவ."

அம்மா வெளியே வந்து கேட்டுக்கொண்டாள். "நாளைக்கு எனக்கு ஒரு சோலி இருக்கு. நாளன்னைக்குன்னா வாரேன், ஆஸ்பத்திரியில கேட்டுப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் எனக்கு விடுமுறை. எட்டயபுரம் வரைக்கும் போக வேண்டும், வருகிறாயா என்று என்னைக் கேட்டாள். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எதற்கு என்று பஸ்ஸில் கேட்டேன். சொல்லவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் சொல்லியனுப்பினோம். ராசாத்தி அக்கா கையில் பசை காயாமல் வந்து நின்றாள். தலையெல்லாம் நரைத்துவிட்டது. அம்மா நலம் விசாரிக்கவில்லை.

"ஏளா, அவன் வந்து கூப்பிடுதான். ஆஸ்பத்திரிக்கு. போவட்டுமா?"

ராசாத்தி அக்கா பசையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அது போகவில்லை. "போவாதீங்கன்னா போவ மாட்டீங்களா?"

"போவ மாட்டேன்."

அவள் கட்டைவிரலில் ஒட்டியிருந்த பசையை உரித்தாள். உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "போங்கக்கா. ஆனா என்ன ஆச்சு, ஏதாச்சுன்னு எனக்கு வந்து சொல்லாண்டாம்" என்றாள்.

"சொல்ல மாட்டேன்" என்றாள் அம்மா.

திரும்பி வரும்போது நான் அவளோடு சண்டை போட்டேன். "அவர் அவளை அடிச்ச அடியெல்லாம் மறந்து போச்சா?"

"மறக்கல."

"பொறவு எதுக்குப் போற?"

"அவள அடிச்சது அந்தக் கைதான். ஒங்க அப்பாவுக்குத் தண்ணி குடுத்ததும் அந்தக் கைதான். நான் ஒண்ணுக்கு ஒண்ணு கழிச்சுப் பாக்கல. அவனுக்குப் பயமா இருக்கும்லா. ஆஸ்பத்திரி வரைக்கும் போனா என்ன?"

அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு கொஞ்ச காலம் இருந்துவிட்டு இறந்துபோனார். அதுவரைக்கும் அம்மா அவருடன் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். ராசாத்தி அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அம்மா செய்தது சரியா என்று இன்றைக்கும் என்னால் தீர்த்துச் சொல்ல முடியாது. ஆனால் ராசாத்தி அக்கா வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவள் போயிருக்க மாட்டாள் என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

ஜெனி பிளஸ் டூ முடித்து மீன்வளப் படிப்பில் சேர்ந்தாள். கடலுக்குள் முங்கிப் பவளப்பாறைகளைப் பார்த்துக் கணக்கெடுக்கிற பயிற்சி அதில் உண்டு. தூத்துக்குடியில் பிறந்த பிள்ளைதான், கப்பல் இஞ்சின்காரரின் மகள்தான், ஆனாலும் அவளுக்குக் கடலில் இறங்கப் பயம். படிப்பை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தாள். நான் வழக்கம்போல வழி பார்த்தேன். பயிற்சிக்கு முன்னால் பழக்கிக்கொள்ளட்டும் என்று, சங்கு குளிக்கிற திரேஸ்புரத்து அண்ணாச்சி ஒருவரிடம் பேசி, அவருடைய பைபர் படகில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக்கு ஏற்பாடு செய்தேன். அன்றைக்குக் காலையில் ஜெனி கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எத்தன மணிக்குளா?" என்று கேட்டாள் அம்மா.

ஜெனி போர்வையை விலக்கிப் பார்த்தாள். "ஆச்சி, ஒங்களுக்கு பஸ்ல போனாலே வாந்தி வரும்."

"வந்தா எடுத்துக்கிடுதேன்."

மூன்று பேரும் போனோம். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கூடையோடு படகில் ஏறினாள். அதுவரைக்கும் கடலைக் கரையிலிருந்து பார்த்தது தவிர அவள் கடலுக்குள் போனதில்லை. படகு கொஞ்ச தூரம் போவதற்குள்ளேயே முகம் வெளுத்துவிட்டது. ஆழம் குறைந்த இடம் பார்த்து அண்ணாச்சி இஞ்சினை நிறுத்தினார். ஜெனியின் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டினார். கட்டிக்கொண்டே பேச்சுக்கொடுத்தார். "எங்க பாட்டன் காலத்துல இங்கன முத்துக் குளிச்சாவ. முங்குறவன் கயித்த வேற எவன்ட்டயும் குடுக்க மாட்டானாம். பொண்டாட்டியோட கூடப் பொறந்தவன்ட்டதான் குடுப்பான். அக்கா தாலி அத்துரக் கூடாதுன்னு அவன்தான் கயித்து மேலயே கண்ணா இருப்பான்."

"அப்படின்னா அந்தக் கயித்த எங்கிட்ட குடுங்க" என்று அம்மா கையை நீட்டினாள்.

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டு, அவரும் ஜெனியோடு தண்ணீரில் இறங்கினார். ஜெனி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தொங்கினாள். கையை விட மாட்டேன் என்றாள். நான் ஏதேதோ சொல்லித் தைரியப்படுத்தினேன். மூச்சை இப்படி இழு, அப்படி விடு என்றேன். எதுவும் ஆகவில்லை.

"தண்ணிக்குள்ள எனக்கு வரத் தெரியாதுளா" என்றாள் அம்மா. "நீ போ. நான் இங்கன இருக்கேன்."

ஜெனி முங்கினாள். அந்த நேரம் பார்த்து அம்மாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. படகின் மறுபக்கம் தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். கயிற்றை மட்டும் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நான் வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. ஜெனி மேலே வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "ஆச்சி, உள்ள மஞ்சள் மீனு ஆச்சி, கூட்டமா" என்றாள். அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்கப் போயிப் பாத்துட்டு வா" என்றாள். அன்று மத்தியானம் வரைக்கும் ஜெனி முங்கினாள். அம்மா வாந்தி எடுத்தாள். கரைக்கு வந்ததும் மணலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, இனிமேல் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொன்னாள். ஜெனி அதன் பிறகு கூப்பிடவும் இல்லை. அவசியம் வரவில்லை.

அதற்கு அடுத்த வருஷ மழைக்காலத்தில் அம்மா அடிக்கடி பாளையங்கோட்டைக்குப் போய்வந்தாள். "ஒருத்திக்குத் துணைக்குப் போறேன்" என்றாள். சாயங்காலம் சோர்ந்து வருவாள். இந்த வயதில் இவ்வளவு அலைச்சல் வேண்டுமா என்று நான் சத்தம் போடுவேன். "பாவம், அவளுக்கு யாரும் இல்லலா" என்பாள்.

ஒரு நாள் என்னுடன் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் தகப்பனாருக்கு ரத்தம் கொடுக்க பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொடுத்துவிட்டு வெளியே வரும் வழியில் நீளமான வராந்தா. அதன் கோடியில் ஒரு பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் கூடை. முதுகு சாயவில்லை. எனக்கு ஒரே சிரிப்பாக வந்தது. உலகத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இவள் ஒரு பெஞ்சில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள்.

"யாரும்மா உள்ள இருக்கா?" என்று கேட்டேன்.

அவள் பதில் சொல்லவில்லை. எப்போதும் சொல்ல மாட்டாள் என்பதால் நானும் எதையும் சந்தேகப்படவில்லை. கூடையிலிருந்து பொரிகடலையை எடுத்து மென்றுகொண்டிருந்தேன். கதவு திறந்தது. ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து ஒரு பெயரைக் கூப்பிட்டாள். எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதே என்றுதான் முதலில் தோன்றியது. மறுபடியும் கூப்பிட்டாள். அது அம்மாவின் பெயர்.

அம்மா எழுந்தாள். "இத வச்சிரு. வந்துருதேன்" என்று கூடையை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவுக்கு மேலே கதிர்வீச்சுப் பிரிவு என்று எழுதியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

மார்பில் கட்டி. எத்தனையோ பேரோடு வந்து பழகிய இடம் என்பதால் எங்கே சீட்டு வாங்குவது, எந்த வாசலில் காத்திருப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. துணைக்கு என்று இத்தனை பேரோடு போய்வந்த அதே பஸ்ஸில், அதே கூடையோடு, தனக்காகப் போய் வந்திருக்கிறாள். 'யாரும் இல்லாத அந்த ஒருத்தி' அவள்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அழுதேன். அவள் அழவிட்டாள். வாகைக்குளம் தாண்டியபோது கேட்டேன்: "ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ வருவ."

"வந்தா என்ன?"

"நீ வந்தா நான் ஒம் மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்கணும்ளா. இவளுக்கு என்ன சொல்லித் தேத்தன்னு யோசிக்கணும். பக்கத்துல இருக்கவ மொகம் கெட்டுப்போச்சுன்னா உள்ள போறவளுக்குக் கால் நகராது. நான் எத்தன பேரப் பாத்துருக்கேன்." கொஞ்ச தூரம் போன பிறகு, "ஒன்னையத் தேத்த எனக்குத் தெம்பு இல்லளா" என்றாள்.

இனி தனியாக விட மாட்டேன் என்று நான் பிடிவாதமாகக் கூடப் போனேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். டாக்டரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். மதுரையில் இன்னொருவரிடம் காட்டலாம் என்றேன். போனில் தேடிப் படித்துவிட்டுப் போய் அந்த மருந்து ஏன் கொடுக்கவில்லை என்றேன். நர்ஸுகளிடம் வரிசைக்காகச் சண்டை போட்டேன். நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் காலையில் அம்மா என்னிடம் சொன்னாள்: "கப்பல்ல சரக்கு ஏத்தி எறக்குத மாதிரியே என்னைய ஏத்தி எறக்குத. நீ ஆபீசுக்குப் போ. ஜெனி வரட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஜெனிதான் போனாள். கல்லூரி இல்லாத நாளெல்லாம் ஸ்கூட்டரில் ஆச்சியைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய், கூடையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பாளையங்கோட்டை வரைக்கும் போய்வந்தாள். இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்வீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லம்மா" என்றாள் ஜெனி. "ஆச்சி ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நானும் கேக்க மாட்டேன். இன்னைக்கு பெஞ்சுல என் தோள்ல சாஞ்சு நல்லாத் தூங்கிட்டாங்க. பேரக் கூப்பிட்டதுகூடத் தெரியல. நான்தான் எழுப்புனேன்."

பெஞ்சில் அம்மா தூங்கியதாக நான் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை.

பங்குனி வாக்கில், இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் ஆபீஸில் விடுப்புப் போட்டேன். தெருப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ராசாத்தி அக்கா எட்டயபுரத்திலிருந்து வந்து, அவள் காலைப் பிடித்துவிட்டபடி ஒரு பகல் முழுக்க இருந்தாள். ஜெனிக்கு அந்தச் சமயம் பார்த்துக் கல்லூரிப் பயிற்சிக்காகக் கடலுக்குள் போகிற வேலை வந்தது. அவள் போகவில்லை என்றாள். அம்மா அவளைக் கூப்பிட்டு, "நீ போயிட்டு வா. இங்கன ஒங்க அம்மை இருக்கா" என்றாள். அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது என்றுதான் எனக்குப் பட்டது.

முதல் நாளெல்லாம் எனக்கு இருக்க வரவில்லை. தலையணையை மாற்றுவேன். கஞ்சி ஆறிவிட்டதென்று சூடு பண்ணப் போவேன். யாருக்காவது போன் பண்ணி ஏதாவது கேட்பேன். அவள் கண் என்னோடேயே அலையும்.

ஜெனி கடலுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்றது. போனில் சார்ஜ் இல்லை. அடுப்படியில் செய்ய எதுவும் மிச்சம் இல்லை. ஒரு பழைய செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டு அவள் கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தேன். ரோட்டில் உப்பு லாரிகள் போகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவள் கண்ணை மூடியிருந்தாள். மூச்சு நீளமாக வந்தது, நின்றது, பிறகு வந்தது. டாக்டருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எழுந்திருக்கவில்லை.

"ஏளா, இருக்கியா?" என்று கேட்டாள்.

"இருக்கேன்மா."

கொஞ்ச நேரம் கழித்து, "புள்ள கரைக்கு வந்துட்டாளா?" என்றாள்.

"சாயங்காலம் வந்துருவா."

"சரி."

நான் அழவில்லை. அழுகை வந்தது, ஆனால் முகத்துக்குக் கொண்டுவரவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காகிதத்தை ஒரே சீராக வீசினேன். மறுபடியும் கேட்டாள், கண்ணைத் திறக்காமலே.

"இருக்கியா?"

"இருக்கேன்."

அவள் கை கட்டில் விளிம்பில் கிடந்தது. பிடிக்கலாமா என்று யோசித்தேன். பிறகு அதன் பக்கத்தில் என் கையை வைத்துக்கொண்டேன். வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்து போயிற்று. லாரி ஒன்று போனது. அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. நான் விசிறுவதை நிறுத்தவில்லை. கேட்காவிட்டாலும் ஒருமுறை சொன்னேன்.

"இருக்கேன்மா."